1147 இன்னும் உள்ளே

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. வினிதா இதை மூன்று தடவை சொல்லக் கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் வார்த்தைகள் மாறின. நேரங்கள் மாறவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கம்பெனியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். முதலிபாளையம் பக்கம். அது போதும்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சுள்ளென்று வெயில் அடித்த பட்டப்பகல்.

அந்தப் பனியன் கம்பெனியில் வினிதா இரண்டு வருஷமாக சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயமுத்தூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. புதன்கிழமை சேர வேண்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு. அந்த சர்டிபிகேட் அவளிடம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி மேனேஜர் பூபாலன் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தார். அவர் யாரையும் அதட்டிப் பேசுகிறவர் அல்ல. கேட்டபோதெல்லாம் சிரித்தார். கடைசியாக ஒரு வழி சொன்னார்.

“திங்கக்கெழம ஆடிட் முடியட்டும் கண்ணு. கையோட வாங்கிட்டுப் போயிரலாம்.”

ஆடிட் என்றால் கணக்குத் தணிக்கை இல்லை. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆட்கள் வந்து, தொழிலாளிகள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். எட்டு மணி நேரம்தான் என்று காட்ட வேண்டும். உண்மையில் அங்கே ஓடியது ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே.

அதனால் வருகைப்பதிவு இரண்டு இருந்தது. இரண்டும் ஒரே லினக்ஸ் சர்வருக்குள். பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் ஓடும், கையால் தொட முடியாத இரண்டு சின்னக் கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நடந்தது இருக்கும். அதற்கு ‘நம்ம மெஷின்’ என்று பெயர். இன்னொன்றில் காட்ட வேண்டியது இருக்கும். அது ‘ஆடிட் மெஷின்’. நம்ம மெஷினை அமைத்தவர் வினிதாவுக்கு முன்னால் அங்கே இருந்த கதிர்வேல். ஆடிட் மெஷினை எவனோ ஒரு கன்சல்டன்ட் வேறொரு மென்பொருளில் செய்து கொடுத்திருந்தான். இரண்டும் ஒத்துப்போகாது. ஒரே நிட்டிங் மெஷினில் இரண்டு பேர் நூல் மாட்ட முடியாதல்லவா? அப்படித்தான். ஒன்று தூங்கினால்தான் மற்றது எழும்.

உண்மையைத் தூங்க வைத்துவிட்டுப் பொய்யை எழுப்புவது. வினிதாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை அவ்வளவுதான். அரை மணி நேர வேலை.

10:20க்கு வந்தாள். வாட்ச்மேன் சுப்பண்ணன் கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் முகம் பார்த்துப் பதிவு செய்யும் பஞ்ச் மெஷின், நீல வெளிச்சத்தோடு சும்மா இருந்தது. தையல் லைன்கள் எல்லாம் இருட்டு. கட்டிங் டேபிள்களில் பாலித்தீன் விரித்து மூடியிருந்தார்கள். அவற்றைத் தாண்டிக் கடைசியில் சர்வர் ரூம்.

10:34. நம்ம மெஷினை நிறுத்தினாள். நின்றது. ஓடுகிறவற்றின் பட்டியல் காலி.

ஆடிட் மெஷினை எழுப்பினாள். எழவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது. பிராசஸரை வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

வேறொருவர் யார்? பட்டியலை மறுபடி பார்த்தாள். காலி. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் எண் ஒன்று உண்டு. அதைப் பார்த்தாள்.

1.

நம்ம மெஷினுக்காகப் பின்னணியில் ஓடும் சர்வீஸை நிறுத்தினாள். சில விநாடிகளில் அது தானாக எழுந்தது. இதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் என்பதால் கதிர்வேல் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கேட்டில் யாராவது முகத்தைக் காட்டினால் பஞ்ச் மெஷின் சர்வரைக் கூப்பிடும், சர்வர் நம்ம மெஷினை எழுப்பிவிடும்.

அப்படியானால் கேட்டில் யாரோ முகத்தைக் காட்டுகிறார்கள்.

11:07. சுப்பண்ணனுக்குப் போன் போட்டாள். யாராவது வந்தார்களா என்று கேட்டாள்.

“ஒருத்தரும் வரலீங்க அம்மணி.”

“பஞ்ச் மெஷின் பக்கத்துல யாராச்சும் நிக்கறாங்களா?”

“இல்லீங்க. அது மட்டும் பேசுதுங்க.”

“என்ன பேசுது?”

“அது எப்பவும் பேசறதுதானுங்களே. ஆடி மாசத்துல இருந்து பேசுது. ரிப்பேருன்னு சொன்னனே, ஆரும் கண்டுக்கல.”

போனை அவர் வைக்கவில்லை. அந்த அமைதியில் வினிதாவுக்கே கேட்டது. கேட்டிலிருந்து, பஞ்ச் மெஷினுக்குள் பதிந்து வைத்த பெண் குரல்.

“ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.”

அடையாளம் தெரியாத முகத்துக்கு அது சொல்லும் பதில்.

வினிதா கதிர்வேலைக் கூப்பிட்டாள். அவர் இப்போது காங்கேயம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவளுக்கு வந்த நிலைமையைக் கேட்டுச் சிரித்தார். எலுமிச்சம்பழம் ஒன்றை சர்வர் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு சரியான வழியைச் சொன்னார். கேட்டிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிடு, சர்வரை ஒரு தடவை அணைத்துப் போடு.

பிடுங்கினாள். அணைத்துப் போட்டாள்.

11:41க்கு சர்வர் எழுந்தது. எண்ணைப் பார்த்தாள். 0. மூச்சு வந்தது. ஆடிட் மெஷினை எழுப்பினாள். பாதி வரை வந்தது...

நின்றது.

எண் 1.

கேபிள் அவள் கையில் இருந்தது.

மறுபடி கூப்பிட்டபோது கதிர்வேல் சிரிக்கவில்லை. “நம்ம மெஷினையே எழுப்பு வினிதா. உள்ள போய் ஆரு கூப்புடறாங்கன்னு பாரு,” என்றார்.

11:52. நம்ம மெஷினுக்குள் போனாள். ‘தற்போது உள்ளே இருப்பவர்கள்’ என்ற பக்கத்தைத் திறந்தாள். விடுமுறை நாள். பூஜ்யம் இருக்க வேண்டும்.

ஒருவர் உள்ளே இருந்தார்.

தொழிலாளியின் டோக்கன் எண் 1147. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. உள்ளே வந்தது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8:26. வெளியே போனது... இல்லை.

அதற்குக் கீழே, வெளியே போக முயன்ற பதிவுகள். உருட்டினாள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. பகல், இரவு, விடியற்காலை. எல்லாவற்றிலும் ஒரே பதில். நிராகரிக்கப்பட்டது. அப்படி ஓர் ஆள் இல்லை.

ஒவ்வொரு முயற்சியின்போதும் பஞ்ச் மெஷின் ஒரு போட்டோ எடுத்து வைக்கும். ஒன்றைத் திறந்தாள். காலி வாசல். இன்னொன்று. காலி வாசல். பத்தாவது போட்டோவும் அதேதான். ஆனால் எல்லாப் போட்டோக்களிலும் சரியாக நடுவில், ஒரு முகத்தைச் சுற்றி வரைவது போல, மெஷின் பச்சைக் கட்டம் போட்டிருந்தது.

கட்டத்துக்குள் எதிர்ச்சுவர் மட்டும்.

1147 ஏன் நிராகரிக்கப்படுகிறார்? அந்த ஆளின் பதிவு அழிக்கப்பட்டிருந்தது. அழித்த நாள், அந்த செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை காலை 9:10. அழித்தவர் பெயர் இருந்தது.

வினிதா.

அவளுக்கு நினைவு வந்தது. பூபாலன் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தார். ரிசைன் பண்ணியவர்கள், பதினோரு பேர், எடுத்துவிடவும். வாரம் ஒரு சீட்டு அப்படி வரும். டீ குடித்துக்கொண்டே எடுத்துவிட்டாள். இவர் வெளியே போய்விட்டாரா என்று பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலில் புதிய வரி ஒன்று சேர்ந்தது. 12:03.

கேபிள் இன்னும் தரையில் கிடந்தது.

பூபாலனுக்குப் போன் செய்தாள். அவர் ஏதோ விருந்தில் இருந்தார். பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டது.

“1147 யாருங்க சார்?”

“ரிசைன் பண்ணிப் போனவங்க கண்ணு. மெஷின் ஓடுதா?”

“அவங்க அன்னிக்கு எத்தன மணிக்குப் போனாங்க?”

 குரலில் அதே இனிப்பு.

“உன்ற சர்டிபிகேட் என்ற மேசையிலதான் இருக்குது கண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பாக்கறேன்.”

வைத்துவிட்டார்.

வினிதா தானே 1147க்கு ஒரு நேரத்தைப் போட்டுப் பார்த்தாள். வெளியே போனது, மாலை 5:30. ஆடிட் மெஷினில் எல்லோருக்கும் போடும் நேரம். ‘உள்ளே இருப்பவர்கள்’ எண்ணிக்கை 0 ஆனது. இரண்டு விநாடி. மறுபடி 1.

இரவு 8:30 என்று போட்டாள். ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரம். 0... 1.

12:31. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அறைக்குள் சூடு. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த உடம்பிலிருந்து வரும் சூடு. அவளுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை.

கதவுக்கு வெளியே இருட்டில், கட்டிங் டேபிளின் பாலித்தீன் ஒரு முறை சரசரத்தது. நின்றது.

பழைய பேக்கப் ஒன்று இருந்தது. ஆனி மாதத்தது. அதில் 1147இன் முகப்பதிவு இருக்கும். தேடினாள்.  கிடைத்தது. அழித்ததைத் திரும்பச் சேர்த்தாள்.

இப்போது பெயர் வந்தது. ராமாத்தாள். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் செக்சன்.

கேபிளை எடுத்து அவளே மாட்டினாள்.

“போயிருங்க,” என்றாள். யாரிடம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. “இப்பப் போயிரலாமுங்க.”

சூடு விலகியது.

பாலித்தீன் சரசரத்தது. அடுத்த டேபிளில். அதற்கடுத்த டேபிளில்.

பிறகு சத்தமில்லை.

1:09.

1:12.

1:14.

கேட்டிலிருந்து, தெளிவாக...

“தேங்க் யூ.”

உள்ளே இருப்பவர்கள், 0.

வினிதா ஒரு நிமிஷம்கூட அழவில்லை. அதைத்தான் அவள் மூன்று தடவையும் அழுத்திச் சொன்னாள். வெளியே போனவர் நாளைக் காலை ஷிப்ட்டுக்குத் திரும்பி வந்து, ஆடிட் நடுவில் நம்ம மெஷினை எழுப்பிவிட்டால்? 1:15க்கு 1147ஐ மறுபடி அழித்தாள். நம்ம மெஷினைத் தூங்க வைத்தாள். ஆடிட் மெஷின் ஒரே தட்டில் எழுந்தது.

திங்கட்கிழமை ஆடிட் நன்றாக நடந்தது. வந்தவர்கள் எட்டு மணி நேர வேலையைப் பாராட்டிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பூபாலன் சர்டிபிகேட்டை ஒரு புதுக் கவரில் போட்டு, வாழ்த்துச் சொல்லிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை கடைசியாக வெளியே வரும்போது சுப்பண்ணனிடம் ராமாத்தாளைப் பற்றிக் கேட்டாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அன்னிக்கு ராத்திரி ஏழே கால் இருக்குமுங்க. செக்கிங் டேபிள்லயே சாஞ்சிருச்சு. பின்னாடி கேட்டு வழியா வேனுல ஏத்துனாங்க. ஊட்டுக்குப் போற வழியில ரோட்டுல உழுந்து எறந்துட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்க மகன் வந்து சண்ட போட்டான். அஞ்சரைக்கே போயிட்டாங்கன்னு கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னு எடுத்துக் காட்டுனாங்க.”

முன் கேட் வழியாக ராமாத்தாள் போகவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை 1:14 வரை.

வினிதா கோயமுத்தூர் போய்விட்டாள். அடுத்த வாரம் புதன்கிழமை கதிர்வேல் கூப்பிட்டார். பனியன் ஊரில் ஒரு கம்பெனியில் பெயரை எடுத்துவிட்டால், தொழிலாளிகள் மறுநாளே அடுத்த கம்பெனி வாசலில் போய் நிற்பார்கள். எல்லோரும் செய்வதுதான்.

“உனக்கு வந்த அதே எரர் இங்க வந்துருக்குது வினிதா. சர்வரப் புடிச்சிட்டு விட மாட்டேங்குது. கேட் மெஷின்ல புதுசா ஒரு ஆளு. நாங்க சேக்கல. பேரும் இல்ல. காலைல எட்டு இருவத்தாறுக்கு இன், ராத்திரி எட்டரைக்கு அவுட்.”

எந்த செக்சன் என்று கேட்டாள். செக்கிங் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டாள். 

“போன வாரம் திங்கக்கெழமைல இருந்து. ஞாயித்துக்கெழமையும் வந்துருக்குது. ஒரு நாள் கூட லீவு போடல.”