மூன்று நிமிடத்தில் அடங்காத விருத்தம்: கொட்டாம்பட்டியிலிருந்து கோச்சடைக்கு

பல நாடுகள் ஆளுக்கொரு குழந்தையைப் புதுப்பாட்டோடு அனுப்பும் சிறுவர் பாட்டுப் போட்டி ஒன்று இருக்கிறது. இந்தியா சார்பில் போகிற பிள்ளைக்கான முதல் சுற்று போன ஞாயிற்றுக்கிழமை மதுரை கோச்சடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தி மதுமிதா பாடினாள். பதினோரு வயது. பாட்டும் மெட்டும் என்னுடையவை. எனக்கு யாரும் இசை சொல்லித் தரவில்லை. ஆர்மோனியத்தை நானே தட்டித் தட்டிக் கற்றேன். டவுன்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொட்டாம்பட்டியில் காலை 6.10க்குப் பேருந்து, மாட்டுத்தாவணிக்கு 7.20. எனக்கு 40 ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட் 20. அங்கிருந்து கோச்சடை பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 350 கேட்டார். முந்நூறுக்கு மேல் தரமாட்டேன் என்றேன்.

"பாப்பா ஜெயிச்சா மிச்சத்தக் குடுங்கய்யா, ஏறுங்க."

மண்டபத்தில் பதிவு மேசையில் இருந்த பெண் பின்னணி இசை இருந்த எங்கள் பென் டிரைவைப் போட்டுப் பார்த்தார். "அய்யா, 3.19 வருது. மூணு நிமிஷத்துக்கு மேல சேக்க மாட்டோம்."

விதியை நான் படித்திருந்தேன். பாட்டு 2.48தான். முன்னால் உள்ள 31 விநாடி பிள்ளையார் விருத்தம். எங்கள் பக்கம் நாடகமோ கச்சேரியோ, மேடை ஏறினால் தாளமில்லாமல் அதை முதலில் பாடுவார்கள்.

"விருத்தம் பாட்டுல சேராதும்மா."

"மிஷினுக்கு அது தெரியாதுல்லங்கய்யா. ஒன்பதரைக்குள்ள வெட்டிக் குடுத்துருங்க."

வெட்டமாட்டேன் என்றேன். அரை மணி நேரம் வாதாடினேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, வா போவோம் என்றேன். மதுமிதா நகரவில்லை.

"பாடப்போறது நானு தாத்தா. ஆறு மாசமாப் பழகியிருக்கேன். நீங்க வேணும்னா போங்க."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே நின்று விருத்தத்தை முழுசாகப் பாடினாள். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டார். உள்ளே வந்து ஒலிபெருக்கிக்காரரிடம், "அண்ணே, முப்பத்தொன்னாவது செகண்டுலருந்து போடுங்க," என்றாள்.

11.40க்குப் பாடினாள். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு மணிக்கு, சென்னைச் சுற்றுக்குப் போகும் மூன்று பேரின் பெயரை வாசித்தார்கள். மூன்றாவது பெயர் அவளுடையது.

அடுத்த முறை இந்தச் சுற்றுக்குப் போகிறவர்கள் பிள்ளையின் ஆதார் நகல் இரண்டு எடுத்துப் போங்கள். பாட்டை அலைபேசியில் முதல் சத்தத்திலிருந்து கடைசிச் சத்தம் வரை அளந்து பாருங்கள். மண்டபத்தில் குடிதண்ணீர் இல்லை. எதிர்ப்பக்கக் கடையில் உண்டு. விதி தவறு என்பதே இப்போதும் என் கருத்து. அதற்காகப் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொண்டு போகப் பார்த்தது என் தவறு.

கிளம்பும் முன் ஒரு படிவம் நீட்டினார்கள். பாட்டின் நீளம் 2.48 என்பதற்குப் பாட்டு எழுதியவர் சம்மதிக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டேன். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'விருத்தம் வாசலில் பாடப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.