வெங்காய வேரில் தெரிந்தது

லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரே சட்டம்தான்: மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைய வேண்டும். புத்தகத்தைப் பார்த்து வரைந்தவர்களிடம் கத்துவேன். நான் கொஞ்சம் முன்கோபி.

வெங்காய வேர் நுனியில் செல் இரண்டாகப் பிரிவதைப் பார்க்கும் பாடம் வந்தது. டெல்லிக் குளிரில் வெங்காயமும் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் போல. வேருக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிப் பார்த்தால், பிரிகிற செல் ஒன்றுகூட அகப்படாது. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் குரோமோசோம்களை அழகாக வரிசை கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் வெறும் கட்டம் கட்டமாக வரைந்து நீட்டினாள். "ஒண்ணுமே பிரியலையே மேம், ஏன்?"

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் பெண். அப்பா மத்திய அரசில் கிளார்க். தியரியில் தத்தளிப்பாள், பிராக்டிகல் மார்க் கைகொடுத்தால்தான் கரை சேர முடியும். நான் காரணம் சொல்லவில்லை, நீயே கண்டுபிடி என்றேன். வீட்டில் ஒரு வெங்காயத்தை ஹீட்டர் பக்கத்திலும் இன்னொன்றைப் பால்கனியிலும் வைத்து, இரண்டின் வேரையும் கொண்டுவந்து பார்த்தாள். ஹீட்டர் பக்கத்து வேரில் செல்கள் பிரிந்துகொண்டிருந்தன. அவள் வரைந்த அந்தப் படத்தை ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் காட்டி அறுத்துத் தள்ளினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பொதுத்தேர்வு பிராக்டிகலுக்கு வேறு பள்ளியிலிருந்து ஓர் அம்மா எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக வந்தார். அவருக்கு டீ, சமோசா ஏற்பாடு செய்வதும் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. மார்க் அவர் கையில். லேபில் விரல் விறைக்கும் குளிர். அந்தப் பெண் வெகுநேரம் லென்ஸில் தேடிவிட்டு, பிரியாத செல்களையே வரைந்து, குளிரால் இப்படி இருக்கலாம் என்று கீழே எழுதியிருந்தாள்.

"குரோமோசோம் கஹான் ஹை, பேட்டா?" குரோமோசோம் எங்கே என்று அவளைக் கேட்டார் எக்ஸ்டர்னல்.

ஸ்லைடை ஒரு தடவை பாருங்கள், அவள் வரைந்தது சரிதான் என்று நான் இந்தியில் சொன்னேன். அவர் சிரித்தார். செல் பிரிவதைத்தானே கேட்டிருக்கிறோம், பிரியாததை வரைந்தால் எப்படி மார்க் போடுவது என்றார். கெட்டவர் இல்லை. வேறு தாள் கொடுத்து, ஜல்தி ஜல்தி மறுபடி வரை, முழு மார்க் தருகிறேன் என்று அவளைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். "மேம், நான் என்ன பண்ணட்டும்?"

பரீட்சை நேரத்தில் நான் பதில் சொல்லக் கூடாது. சொல்லலாம் என்றிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? வரையாதே என்றால் அவள் வருஷம் பாழ். வரை என்று சொல்ல எனக்கு வாய் வராது. டீ ஆறுகிறது மேடம் என்று எக்ஸ்டர்னல் பக்கம் கப்பை நகர்த்தினேன்.

அவள் மைக்ராஸ்கோப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வரைய ஆரம்பித்தாள். ஒரு முறைகூட அதில் கண் வைக்கவில்லை. புத்தகத்துப் படம் அச்சு அசலாக வந்தது.

எக்ஸ்டர்னல் முழு மார்க் போட்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை ரொம்ப நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள் என்றார்.

தேங்க்யூ மேடம் என்றேன்.