மருமகள் கோல் வாங்கிய கதை

யாரோடும் ஓடிப் போகவில்லை என் மருமகள். பட்டப்பகலில், முன்வாசல் வழியாகத்தான் போனாள். தெருக்கோடித் தையல்காரி சொல்வதை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நேற்றும் அந்தத் தையல்காரியிடம் கேட்டுவிட்டேன்.

"என்னத்தடி பார்த்தே?"

"போன்ல பழகின ஆம்பளைங்களோட டயர் கடை மாடிப்படி ஏறினாளே, அதைப் பார்த்தேன். ஒருத்தன் ரெண்டு பேர் இல்ல, நாலு பேரு."

"ஏழு பேரு. கூடவே குடையை ஊனிக்கிட்டு நான் ஏறினேனே, அது கண்ணுல படலையா?"

வாயில் இருந்த ஊசியை எடுக்காமலேயே துணியைத் திருப்பிக்கொண்டாள். சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

என் மருமகளைத் தெருவில் கண்ணாடிக்காரி என்பார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை. மயிரிழை கோணினாலும் கண்டுபிடித்துவிடுவாள். சுவரில் மாட்டிய படத்தைப் போகிற போக்கில் ஒரு விரலால் நேராக்கிவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாள்.

என் மகனுக்கு வேலை விட்டால் டயர் கடை மாடியில் இருக்கிற பில்லியர்ட்ஸ் கூடம்தான் வீடு. கல்யாணமான புதிதில், சாப்பிடக் கூப்பிட்டு வா என்று இவளை அனுப்பினேன். போனவளும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுப் படியேறி வந்தார்கள்.

"அந்தப் பந்தை நீ தொட்டிருக்கவே கூடாது."

"தொடாம எப்படி விழும்? வாயால ஊதவா?"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றாலே அதுதான். பந்தடிக்கிற கோலின் நுனியில் தேய்க்கிற நீலச் சுண்ணாம்பு இரண்டு பேர் கட்டைவிரலிலும் ஒட்டியிருக்கும். துண்டில் நீலம், கதவுப்பிடியில் நீலம், தண்ணீர்ச் சொம்பில் நீலம். துவைத்துத் துவைத்து அலுத்துப்போய்த் திட்டுவேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு முறை திட்டியிருக்கிறேன்.

நாலாம் வருஷம் ஒரு காய்ச்சல் என் மகனைக் கொண்டுபோய்விட்டது. ஒரு வருஷம் துண்டு வெள்ளையாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் சாயங்காலம் துண்டின் ஓரத்தில் நீலம் பார்த்தேன். அன்றைக்குத் தேநீரில் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டேன், அவ்வளவுதான்.

பெரிய நகரத்திலிருந்து வந்த பெண்கள் பில்லியர்ட்ஸ் அணித் தலைவி ஒருத்தி இவள் ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். "சொந்தக் கோலோட வா, சேர்த்துக்கறேன். எங்க கூடத்துலயே வேலையும் இருக்கு. இரவல் கோல்ல ஆடறவங்களை எடுக்கறதில்ல" என்றாளாம். டயர் கடை மாடியில் இருப்பவை எல்லாம் ஊர் முழுக்கக் கைமாறி வளைந்த கோல்கள். என் மகனுக்கும் சொந்தமாக ஒன்று இருந்ததில்லை. புதுசு வாங்க வழியில்லை. ஆகவே போனில், பழைய சாமான் விற்கிறவர்களைத் தேட ஆரம்பித்தாள்.

கோல் கிடைத்தால் போய்விடுவாள். கிடைக்காவிட்டால் என்னோடு இருப்பாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, இந்தக் கணக்குத் தெரியும்.

முதலில் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினாள். நீளமான பொட்டலம் வந்தது. பிரித்தால் திரைச்சீலை மாட்டுகிற கம்பி. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அவள் சிரிக்கவில்லை.

அதோடு சட்டம் போட்டுவிட்டாள். கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கிடையாது. விற்கிறவர் வீட்டுக்குப் போவதில்லை, அவரும் இங்கே வரக்கூடாது. பகல் வேளையில் கூடத்துக்கு வர வேண்டும், நாலு பேர் இருக்கிற இடம், கோல் நேராக இருக்கிறதா என்று உருட்டிப் பார்க்க மேசையும் இருக்கிறது. வருவதற்கு முன்னாலேயே, கோல் கையில் இருப்பதற்கு அத்தாட்சியாக, அன்றைய பத்திரிகையின் மேல் கோலை வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தனியாகப் போகக்கூடாது. "அத்தை, நீங்க வாங்க. உங்க குடையைப் பார்த்தாலே பாதிப் பேரு உண்மையைச் சொல்லிடுவாங்க."

ஒருவன் பணத்தை முதலில் அனுப்பு, பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றான். அவனோடு பேச்சை முடித்துவிட்டாள். ஒருவன் கொண்டுவந்த கோலின் அடிக்கட்டையில் யாருடைய பெயரையோ சுரண்டி அழித்திருந்தது. எங்கே வாங்கினீர்கள், ரசீது இருக்கிறதா என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. "கோவம் எதுக்கு, திருட்டுக் கோல் எனக்கு வேணாம்" என்று மேசையில் வைத்துவிட்டாள். மற்றவை உருட்டினால் நொண்டியடித்தன. ஒவ்வொரு முறையும் நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, மனசுக்குள் நிம்மதியாகப் படியிறங்கினேன்.

ஏழாவதாக வந்தவர் ரொட்டிக்கடைக்காரர். பெரிய உருவம், புருவத்தில்கூட மாவு.

"வாலிபத்துல ஆடினதும்மா. பன்னண்டு வருஷமா கடைக்குள்ள மாவு மூட்டைக்குப் பின்னாடி கிடந்து கோணிப் போச்சு. அதான் குறைச்சுக் கேட்டேன்" என்று அவரே சொல்லிவிட்டார்.

உருட்டினாள். ஆடிக்கொண்டே போயிற்று. நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

அவள் அசையவில்லை. கோலின் நடுத்திருகைக் கழற்றி இரண்டு பாதியையும் தனித்தனியே உருட்டினாள். இரண்டும் நேராக ஓடின. மூட்டு வாயைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். ஈரத்தில் ஊறிக் கல்லாகியிருந்த மாவு. பன்னிரண்டு வருஷமாக அந்த மனுஷன் கோணல் என்று நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். நகத்தால் சுரண்டி, வில்லை துடைக்கிற துணியால் துடைத்து, மறுபடி திருகி உருட்டினாள். துளி நடுக்கம் இல்லை.

வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்திருக்கலாம். "இது கோணலே இல்லீங்க, மாவு அடைச்சிருந்தது" என்றாள் என் அசட்டு மருமகள்.

அவர் கோலை வாங்கி ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அப்படின்னா நான் விக்கலைம்மா."

அவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். மடித்த துணியையே திரும்பவும் பிரித்து மடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"பன்னண்டு வருஷமா மாவு மூட்டைக்குப் பின்னாடி போட்டிருந்தீங்க. இப்ப என்ன புதுசா பாசம்?"

"கோணல்னு நெனச்சேன்மா."

"நெனச்சது நீங்க. தொடச்சது இவ. இனிமே ஆடப் போறீங்களா? ஆடறதா இருந்தா எடுத்துட்டுப் போங்க, நான் ஒண்ணும் கேக்கலை. திரும்பவும் மூட்டைக்குப் பின்னாடிதான்னா, இங்கேயே வச்சுட்டுப் போங்க."

அவர் குனிந்து ஒரு பந்தை அடித்தார். விழக்கூடாத வெள்ளைப் பந்துதான் குழியில் விழுந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர் தானே சிரித்துவிட்டார். "முதுகே வளைய மாட்டேங்குது. எடுத்துக்கோம்மா. பேசின விலையே போதும்."

படியிறங்கும்போது அவள் கேட்டாள்:

"கோல் கிடைக்கக் கூடாதுன்னுதானே அத்தை கூடவே வந்தீங்க?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அவர்கிட்ட வாதாடினீங்க?"

"அந்த ஆள் மேல கோவம், அவ்வளவுதான். படியைப் பார்த்து இறங்கு."

பத்தாம் நாள் காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டாள். ஒரு துணிப்பை, கோலுக்கு ஒரு நீள உறை. மருந்து எந்த டப்பாவில், கேஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் சொல்லி முடித்தாள். தெரிந்ததையே சொல்கிறாள் என்று தடுக்காமல் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை போன் பண்றேன் அத்தை."

"நான் எடுக்க மாட்டேன்."

"எடுப்பீங்க."

தோளில் மாட்டிய உறை வாசல் நிலையில் இடிக்காமல் கையால் சற்றுச் சாய்த்துப் பிடித்தாள். பிறகு தானும் குனிந்து வெளியே போனாள்.