நேற்றுப் படித்ததை யாருக்குச் சொன்னாய்?

தாதிப் பயிற்சிக்காக நான் வந்திருக்கும் இந்த இங்கிலாந்து ஊரில், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மிஸிஸ் பார்க்கர் செவ்வாய்க்கிழமை மாலையானால் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்டுவிடுவார். வயது அறுபதைத் தாண்டியவர். பேரப்பிள்ளையைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று எண்ணி, ஒரு மழை நாளில், "நீங்கள் இருங்கள், பிள்ளையை நான் அழைத்து வருகிறேன்" என்றேன். "எந்தப் பிள்ளையை?" என்று விழித்தார். "நானல்லவா போக வேண்டும்? இன்று பிரெஞ்சு வகுப்பு!" பகலில் சிறுவர்கள் இருந்த வாங்குகளில் மாலையில் தச்சரும் கடைக்காரரும் அமர்ந்து படிக்கிறார்களாம். மலைத்துப் போனேன்.

மாத்தளையில் எங்கள் பள்ளிக்கூடத்தை மத்தியானமே பூட்டிவிடுவார்கள். ஆனால் பாடம் எங்களோடு வீட்டுக்கு வரும். காலையில் டீச்சர் வாய்ப்பாடு கேட்கமாட்டார். "நேத்துப் படிச்சத யாருக்குடி சொல்லிக் குடுத்த?" என்றுதான் கேட்பார். ஆளைச் சொல்லாவிட்டால் நிற்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆகவே எனக்குக் கிடைத்த மாணவி அம்மாதான். கொக்கோ ஸ்டோரில் விதை காயவைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுவாள். மழை பெய்யும் விதத்தை நான் விளக்கினால், "அப்ப மலைக்கு அந்தப் பக்கம், லக்கல பக்கம் மட்டும் ஏன் காஞ்சு கெடக்கு?" என்பாள்.

அப்பா சிரிப்பார். "ஒங்காத்தா நாளைக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போகப் போறாடி!"

"போனா மொதல்ல ஒங்களத்தான் முட்டுக்கால் போட வைப்பேன்!"

அம்மாவின் கேள்வியை மறுநாள் டீச்சரிடம் கொண்டுபோவேன். "எனக்கும் தெரியலையே, பாத்துட்டு வாரேன்" என்பார் அவர், கொஞ்சமும் கூசாமல். தெரியாததைத் தேடிப் போகலாம் என்று நான் கற்றது அங்கேதான். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் குறைவாகப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இங்கே முதல் தேர்வில் தவறினால் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். எலும்புகளின் பெயர்களைத் தனியே இருந்து மனப்பாடம் செய்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. கேட்க ஓர் ஆள் இல்லாமல் நான் படித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சொல்வதைக் கேட்க முடியுமா என்று தயங்கித் தயங்கி மிஸிஸ் பார்க்கரைக் கேட்டேன். அவர் உடனே தம் கையை மேசைமேல் நீட்டி, "இதிலிருந்தே ஆரம்பி" என்றார். அம்மாவைப் போலவே குறுக்குக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். தேறிவிட்டேன்.

இப்போதும் அன்றன்றைய பாடத்தை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், அடுப்புப் பக்கம் திரும்பி அதையே தமிழில் ஒருமுறை சொல்லிவிடுவேன். "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று நேற்றுக் கேட்டார்.

"என் முதல் மாணவி" என்றேன்.

மிஸிஸ் பார்க்கர் தம் நாற்காலியைச் சற்று நகர்த்தி, அடுப்பருகே இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.