எறும்புக்குப் போட்ட பொடி

எழுபதுகளில் நாங்கள் கல்கத்தாவில், டாலிகஞ்சில் குடியிருந்தோம். மாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்கும் சோற்றைக் காக்கை கொத்திய பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். திருநெல்வேலியில் அவளுடைய அப்பா இறந்தபோது, ஹவுராவில் ரயிலேறி இவள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை. அதிலிருந்து, கால் விரல் ஒன்றில்லாத ஒரு காக்கை அவளுக்கு அப்பா ஆகிவிட்டது. "வாங்கப்பா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். எனக்குச் சிரிப்பு வரும். பசித்தால் எரிச்சலும் வரும், அது வரும்வரை எங்களுக்கும் பரிமாற மாட்டாள்.

தொல்லை எறும்பால் வந்தது. காக்கை சற்றே தாமதித்தால் போதும், சோறு கறுத்துவிடும்.

"எறும்பு மொய்ச்ச சோத்தையா எங்கப்பாவுக்குப் போடுதது?" என்று அம்மா புலம்பினாள்.

மாமனார் மீது திடீர்ப் பக்தி வந்துவிட்டது என் அப்பாவுக்கு. தான் வேலை பார்த்த தானியக் கிடங்கில் மூட்டைகளைச் சுற்றித் தூவும் பூச்சிமருந்துப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். சோற்றைச் சுற்றிக் கோலம் மாதிரி ஒரு வட்டம் போட்டார். ஓர் எறும்புகூட அண்டவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

காக்கை சோற்றை இழுத்துப் போட்டு இறைத்துத்தான் தின்னும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்த வாரமே அது மாடித் தரையில் சிறகை விரித்து நடுங்கிச் செத்துப்போனது. அம்மா குனிந்து அந்த விரலில்லாத காலைப் பார்த்தாள்.

"எறும்புக்குன்னுதான போட்டீக" என்றாள் அப்பாவிடம். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பா சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஆனாலும் மற்ற காக்கைகள் எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்து கத்தினவே தவிர, எங்கள் பக்கம் வரவில்லை. மறுநாள் மாலைவரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

நாங்கள் மாசிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் விஷயம் தெரிந்து, தன் சமையலறை ஜன்னலைக் காட்டி, "இங்கே வை" என்றாள். அவள் எறியும் மீன்கழிவுக்கு அங்கே எப்போதும் காக்கைக் கூட்டம். மீன் வாடைக்கே மூக்கைப் பொத்தும் சுத்த சைவம் அம்மா. போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன். போனாள். செதிலுக்கும் முள்ளுக்கும் நடுவே சோற்றை வைத்தாள். ஒரு காக்கை வந்து முதலில் மீனைத்தான் கொத்தியது.

"தாத்தாவுக்கு மீன் ஆகாதேம்மா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"சாப்பிட்டுட்டுப் போட்டும்" என்றாள் அம்மா. "மீனுதான, வெசமில்லல்லா."