எலி சாகாத புரதம்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன். வீடு திண்டிவனத்தில். காலையில் பாசஞ்சர் ரயில், மாலையில் எது கிடைக்கிறதோ அந்தப் பேருந்து, பெரும்பாலும் நின்றுகொண்டேதான். "இன்னும் முடியலையா?" என்று தெருவில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. முடிந்தால் நானே வீடு வீடாகப் போய்ச் சொல்ல மாட்டேனா?

நாங்கள் சமணர்கள். அம்மா தண்ணீரையே துணியில் வடிகட்டித்தான் குடிப்பாள். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி எலியின் நோய் எதிர்ப்பு செல்களைப் பற்றி ஆராயப் போனால் எப்படி இருக்கும்! சேர்ந்த அன்றே அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எலிய சாவடிப்பியா?" மாட்டேன் என்றேன். அதற்கு வழியும் இருந்தது. அந்தச் செல்களின் மேல் அடையாளம் போல ஒரு புரதம் இருக்கும். எலியின் மரபணுவை வேறு செல்களுக்குள் வைத்து, அவற்றைக் குடுவையில் வளர்த்து, அந்தப் புரதத்தை மட்டும் எடுத்து விற்கிறார்கள். நான் உருவாக்கிய சோதனை முறை அதைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டால் என் கடைசி அத்தியாயம் முடிந்துவிடும். ஒரு எலியும் சாகாது.

அந்தப் புரதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை வருகிறது என்றார்கள். சனிக்கிழமை பார்சல் வாங்க கல்லூரி அலுவலகத்தில் ஆள் இருக்காது. பனிக்கட்டிப் பெட்டி திங்கள் வரை தாங்காது. அதனால் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். அன்றைக்கென்று பார்த்து எனக்கு வேறொரு கல்லூரியில் தேர்வு மேற்பார்வை போட்டார்கள். கூரியர்காரர் வந்துவிட்டுப் போனதும் அம்மா போன் செய்தாள்.

"ஒரு பொட்டி வந்துக்கீது. இன்னாது இது?"

"எலி புரோட்டீன்மா. உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிடு. ஜல்தி வை."

அவசரத்தில் அப்படித்தான் வந்தது வாயில். மாலை வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பால், தயிர், மல்லாட்டைச் சட்னி. பெட்டியைக் காணோம்.

"பத்திரமா வச்சிக்கிறேன்" என்றாள் அம்மா. பின்கட்டில் தண்ணீர்ப் பானைக்குக் கீழே கொட்டியிருந்த ஈர மணலில், பெட்டியைப் பிரித்துக் குப்பியை மட்டும் துணியில் சுற்றிப் புதைத்திருந்தாள். "நாளைக்கு கோயில் அபிஷேகத்துக்குப் பால் உள்ள இருக்குது. அதும் பக்கத்துல எலிய எப்டி வைக்கிறது? இங்கயும் ஜில்லுன்னுதான் இருக்குது."

குப்பியைத் தொட்டுப் பார்த்தேன். என் கையைவிடக் கொஞ்சம்தான் குளிர்ச்சி. சித்திரை வெயிலில் பகல் முழுக்க அப்படியே இருந்திருக்கிறது. கத்த வேண்டும் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

திங்களன்று சோதித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. புரதம் கெட்டுப்போயிருந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மறுபடி ஆர்டர் போட்டா அடுத்த வருஷம்தான் வரும். உனக்கு அவ்வளவு நாள் இல்லம்மா. எலிக்கூடத்துல எலி இருக்கு, அனுமதியும் இருக்கு. மண்ணீரல எடுத்து அதுல இருக்கற செல்லுலயே பாத்துடு."

எலி உயிரோடிருக்க மண்ணீரலை எடுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டில் மறைக்கவில்லை. அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பி, வண்டு இருந்தால் உயிரோடு எடுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். கை நின்றுவிட்டது.

"நான் உள்ள வச்சிருந்தா எலி பொழச்சிருக்குமா?"

"ஆமாம்மா."

முறத்தைக் கீழே வைத்தாள். போகாதே என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன். இத்தனை வருடத்தையும் அவள் பேரைச் சொல்லி மூட்டை கட்டிவிட்டு ஒரு வாரம் தூங்கலாம்.

"இத்தினி வருசம் படிச்சிட்ட. போ" என்றாள். "ஆனா பண்ணா எங்கிட்ட சொல்லிடு. தெரியாத மாதிரி என்னால இருக்க முடியாது."

இரண்டு நாள் கழித்துச் செய்தேன். எலி வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குமேல் எழுத விருப்பமில்லை. சோதனை சரியாக வந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஆச்சும்மா."

"எத்தினி?"

"ரெண்டு."

"சரி. வந்து சாப்புடு."

வழக்கமாக அவள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, எனக்கு மூடி வைத்திருப்பாள். அன்றும் மூடி வைத்திருந்தாள், கத்தரிக்காய்ப் பொரியல்கூடச் செய்திருந்தாள். அவளுடைய தட்டு மட்டும் காலையில் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது.

"நீ சாப்புடல?"

"உபவாசம்."

அன்று நாங்கள் விரதமிருக்கும் அட்டமியும் இல்லை, சதுர்த்தசியும் இல்லை. எனக்கு வைத்த தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். எனக்குப் பசித்தது. முழுவதும் சாப்பிட்டேன்.