நான்கு முற்றம், இரண்டு நாய்

வீட்டில் அவளைக் கணக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். அண்ணனின் மரக்கடைக்கு மேல்மாடியில்தான் வாசம். ஆனால் கீழே இருக்கும் முற்றங்களில் ஒரு நாளும் கால் வைத்தவளில்லை. நாய் என்றால் அவளுக்குக் குலை நடுங்கும். தெருவில் குட்டி நாய் வந்தாலும் எதிர்ப்பக்கம் மாறிவிடுவாள்.

மரம் அடுக்கிய முற்றங்கள் நான்கு, ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளாக. பக்கத்துப் பக்கத்து முற்றங்களுக்கு நடுவில் கம்பிக் கதவு. எதிரெதிர் மூலைகளில் கறுப்பன், செவலை என்று இரண்டு காவல் நாய்கள். நாய் இல்லாத முற்றத்தில் யார் இறங்கினாலும் பக்கத்து நாய் பார்த்துவிடும். ஆனால் இரண்டும் அடுத்தடுத்த முற்றங்களில் நின்றால் ஒன்றையொன்று குதறும். ஒருமுறை விலக்கப் போன அண்ணனின் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அவளுடைய ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதுதான். நாய்தான் கிடையாது, புள்ளிகள். காவல் வைத்த இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரக்கூடாது. காவலில்லாத எதற்கும் பக்கத்தில் ஒரு காவல் வேண்டும். அப்படிச் சரியாக அமைந்த ஒவ்வொரு ஏற்பாட்டையும் தனிப் புள்ளியாக வரைவாள். ஒரே ஒரு காவலைப் பக்கத்துக்கு நகர்த்தி ஓர் ஏற்பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிந்தால், நடுவில் கோடு போடுவாள்.

"கணக்கு, லாரி வருது. நாய் நிக்கிற முற்றத்துலதான் மரம் இறக்கணும். நாய் ரெண்டையும் மத்த ரெண்டு மூலைக்கு மாத்திட்டா காவல் சரியா இருக்குமா?" என்று அன்று காலை அண்ணன் கேட்டான்.

"தாராளமா இருக்கும்ணே," என்றாள், விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு படிக்க வெச்சோம்," என்றாள் அண்ணி, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி.

கதவுகள் சாத்தியிருக்கிற தைரியத்தில் அண்ணன் இறங்கினான். அவன் கறுப்பனைச் சங்கிலியோடு பக்கத்து முற்றத்துக்குள் கொண்டு போவதை ஜன்னலில் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பழைய ஏற்பாடு சரி, புதியதும் சரி. ஆனால் நடுவில் கோடில்லை. எந்த நாயை முதலில் நகர்த்தினாலும் அது மற்றதன் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

"ஒன்னொன்னா மாத்த முடியாது அண்ணி."

"அதை இப்பச் சொல்றியா, மகராசி?"

செவலை கம்பிக் கதவில் பாய்ந்தது. தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. அண்ணன் முதுகால் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். கையில் சுற்றியிருந்த சங்கிலியைக் கறுப்பன் இழுத்த இழுப்பில் அவன் தோள் திரும்பியது.

"யாராவது செவலையை அந்தப் பக்கம் இழுங்க," என்றான். "கதவு தாங்காது."

அண்ணி தன் காலைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

படி இறங்கியது அவளுக்கு நினைவில்லை. நாய் இல்லாத நான்காவது முற்றத்தின் வழியாகப் போய்ச் செவலையின் பின்பக்கக் கதவைத் திறந்தாள். செவலை திரும்பியது, ஈறு வரை பல் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். அது முரண்டு பிடித்தது, சறுக்கியது, பிறகு வந்தது. இடுப்பால் இடித்துக் கதவைச் சாத்தினாள். நான்காவது முற்றத்துக்குள் அவளும் நாயும் மட்டும்.

கறுப்பனைக் கட்டிவிட்டு அண்ணன் சுற்றி வந்தான். சங்கிலி சுற்றிய கை கன்றிச் சிவந்திருந்தது.

"விடு, கணக்கு. அதுக்கு மூச்சு முட்டுது."

"விட்டா கடிக்குமாண்ணே?"

"விடலைன்னாதான் கடிக்கும்."

"நீ முதல்ல பிடி," என்றாள்.

அவன் பிடித்தான். அதன் பிறகும் அவள் விரல்கள் பட்டையை விட்டுப் பிரியவில்லை.